சாய்கோடு

புளியரை சோதனைச்சாவடியில்
தடுப்புக் கம்பு பாதியில் நின்றுவிட்டது.
மோட்டார் சரியில்லை என்கிறது மின்வாரியம்,
மின்சாரம் சரியில்லை என்கிறான் மோட்டார்க்காரன்.
இருட்டில் அது ஒரு சாய்கோடு.

சாய்கோடு போட்டால் பிறகு எதுவும் நடக்கும்
என்பது போனில் எனக்குப் பழக்கம்.

பகலில் தூக்கம், இரவில் டயருக்கு மருந்தடிப்பு.
பறவைக்காய்ச்சல் தீரும்வரை தினக்கூலி,
மஞ்சள் கோட்டு, முதுகில் பதினாறு லிட்டர்.
காலிக் கூண்டோடு திரும்பும் கோழி லாரி,
வைக்கோலை இறக்கிவிட்டு
மெலிந்து வரும் இன்னொன்று.
ஆறு டயர், பத்து டயர்.
நடுவில் கிடைக்கிற நேரத்தில் உலகம்.

உலகத்துக்கு மாத வாடகை எண்பது ரூபாய்.
நாற்பது என்னுடையது, நாற்பது ஜிஸ்மியுடையது.
மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில்
நம் ஊர்ப் பாலைக் குழாயில் ஊற்றி
யூரியா தேடுகிறவள்.
அவள் திருப்பியனுப்பிய டேங்கர்க்காரன் ஒருநாள்
என்னிடம் வந்து அவளைத் திட்டித் தீர்த்தான்.
நான் அவன் டயரை நன்றாக நனைத்தேன்.

அங்கே மழை என் பொறுப்பு.
வெதர் கிளியர் என்றால் சாரல் நிற்கும்.
(இங்கே கோட்டுக் கழுத்து வழியே
இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.)
ஒரு வாள் செய்தேன்:
வெட்டினால் யாரும் சாகமாட்டார்கள்,
ஐம்பது கட்டம் தள்ளிப்போய் விழுவார்கள்.
அதற்குப் பெயர் மாற்றுப்பணி.
அவள் ஒரு வாளி செய்தாள்.
பெயர்: பால், சத்தியமாக.
கீழே ஊதா எழுத்தில்:
தண்ணீர் சேர்க்கப்படவில்லை.

பதின்மூன்று கண் பாலத்தைக்
கல் கல்லாகக் கட்டி முடித்தோம்.
அவள் பிறந்தநாளுக்கென்று
கடைசிக் கண்ணுக்கடியில் ஒரு பலகை பதித்தேன்.
யார் மிதித்தாலும்
வாணம் வெடிக்கும், வானத்திலிருந்து
ஒரு கோழி விழும்.
அவள் மிதித்தாள். விழுந்தது. சிரித்தாள்.
பிறகு
கோழி மிதித்தது.

மறுநாள் இரவு உள்ளே போனால் பாலம் வெள்ளை,
ஆறு வெள்ளை, வாணத்துக்கு ஓய்வில்லை,
உலகம் நொண்டி நொண்டி நகர்கிறது.

கோழி மட்டும் என்று அடைப்புக்குறிக்குள்
சொல்லியிருக்க வேண்டும்.
அந்த வாரம் மலைக்கப்பால் வந்த ஆணையில்கூட
அடைப்புக்குறி இருந்தது: ஒரு கிலோமீட்டர்,
கோழி, வாத்து, காடை.
(ஒரு வீட்டில் கிளியையும் கேட்டார்களாம்.)
எனக்குப் பின்னால் ஹாரன்.
சாய்கோடு, கில், அட், ஈ.

ஈ என்றால் எனக்கு ஈ.
ஈ என்றால் கொடு என்றும்
ஐந்தாம் வகுப்பில் எழுதியிருக்கிறேன்.
அங்கே ஈ என்றால் எல்லாம்.
கோழி, பசு, படகு, கீழே கிடந்த ரொட்டி.
முப்பிடாதி இறந்தார்.
ஜிஸ்மி இறந்தார்.

செத்தவர் கைப்பொருள் தரையில்
ஐந்து நிமிடம் இருக்கும். அதற்குமேல் இல்லை.
வந்திருந்தது பதினான்கு டயர் லாரி.

‘எந்தா முப்பிடாதீ இது,
ஞான் அவிடெ நிக்குவாருந்து.’

நிற்கிறாள் என்று தெரியாது என்று எழுதி, அழித்து,
செத்தாலும் கையிலிருப்பது போகக்கூடாது என்று
ஒரு விதியை உலகத்துக்குப் போட்டேன்.
வாளியைத் திரும்பச் செய்தேன்.
அதே பெயர், அதே ஊதா,
ஒரு புள்ளி மாறாமல்.
அவள் கையிலேயே போய் விழும்படி கட்டளை.

வெகுநேரம் பதிலில்லை.
ஆரியங்காவில் பால் வண்டிகள் வரிசையில் நிற்கும் நேரம்.
மூன்று மணிக்கு வந்தது:
‘சோதித்தேன். தண்ணீர் இருக்கிறது.
திருப்பியனுப்புகிறேன்.’

சிரிப்புப் பொம்மை ஏதாவது
பின்னால் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஏய் மஞ்சக்கோட்டு, என்றார் போலீஸ்காரர்.
இருவருமாகக் கம்பைத் தோளில் தாங்கி
மேலே தள்ளிப் பிடித்தோம்.
முட்டை லாரி குனிந்து போவதுபோல் போனது.
நாலு டயருக்கு அடித்தேனா, ஐந்துக்கா,
நினைவில்லை.